வண்டி எழுப்பும் ஓசையும் அது சொல்லும் செய்தியும்



பொங்கலுக்குப் புதுப்பானை வாங்கும்போது நம் தாய்மார்கள் என்ன செய்கிறார்கள்? பானையை இடக்கையில் தூக்கிப் பிடித்து, வலக்கை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கிறார்கள். 'டங்' என்று மணிபோல் ஒலித்தால் பானை நல்லது. 'டொப்' என்று ஒலி அடங்கிப் போனால் கண்ணுக்குத் தெரியாத கீறல் எங்கோ இருக்கிறது என்று அதைக் கீழே வைத்துவிடுவார்கள். டுரியான் காலத்தில் பழத்தைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்க்கிறோம். உள்ளே சுளை அசையும் ஓசை கேட்டால் பழுத்துவிட்டது என்று அறிகிறோம். கண் நுழைய முடியாத இடத்தைக் காது பார்த்துச் சொல்லிவிடுகிறது.

இதே பழக்கத்தை, நாம் பேச்சில் 'காடி' என்று சொல்கிற மோட்டார் காரிடமும் காட்டினால் எவ்வளவு பணம் மிஞ்சும், எத்தனை ஆபத்து விலகும் என்பதை எடுத்துச் சொல்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

ஒரு காலத்தில் மலாக்கா மாநிலத் தோட்டங்களில் கார் என்றால் துரையின் பங்களா வாசலில் நிற்பது ஒன்றுதான். 1985 ஜூலையில் புரோட்டோன் சாகாவும், 1994-இல் பெரோடுவா கன்சிலும் வந்த பிறகு நிலைமை மாறியது. அலோர் காஜா, ஜாசின், மெர்லிமாவ், டுரியான் துங்கல் வட்டாரங்களில் இன்று நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் கார் இருக்கிறது. பெரும்பாலும் கைமாறி வந்த பழைய வண்டியாக இருக்கும். பிள்ளையைப் பள்ளியில் விடவும், பாட்டியை மலாக்கா மருத்துவமனைக்கு அழைத்துப் போகவும் அதையே நம்பியிருக்கிறோம். அது நடுவழியில் நின்றால் குடும்பமே நிற்கிறது. ஆகவே அதன் மொழியைக் கொஞ்சம் கற்றுக்கொள்வது நல்லது.

முதலில், ஓசை ஏன் எழுகிறது? ஓசை என்பது அதிர்வு. சுழலும் உறுப்புகள் தம் இடத்தில் இறுக்கமாக இருந்து, எண்ணெய்ப் பூச்சோடு வழுக்கி ஓடும் வரையில் அதிர்வு குறைவு. தேய்ந்து இடைவெளி விழுந்தாலோ, எண்ணெய் வற்றினாலோ, ஆணி தளர்ந்தாலோ ஒன்றோடொன்று மோதத் தொடங்குகிறது. அந்த மோதல்தான் நமக்கு ஓசையாகக் கேட்கிறது.

அடுத்தது, ஓசை எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிய வேண்டும். காரில் இரண்டு வேறு வேகங்கள் உள்ளன. ஒன்று எஞ்சினின் வேகம், மற்றொன்று சக்கரத்தின் வேகம். வண்டி நின்றுகொண்டே எஞ்சின் ஓடும்போதுகூட, எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 800 அல்லது 900 முறை சுழல்கிறது. சக்கரமோ அப்போது அசைவதேயில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சிறிய காரின் சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 9 முறை சுற்றுகிறது. ஆகையால் ஒரு சோதனை செய்யலாம். வண்டியை நிறுத்தி, கியரை நடுவில் வைத்து, கைப்பிரேக்கைப் போட்டு, எண்ணெய் மிதியை இலேசாக அழுத்துங்கள். ஓசை அதற்கேற்றபடி ஏறி இறங்கினால் அது எஞ்சின் பக்கத்து ஓசை. நிற்கும்போது கேட்காமல், ஓடும்போது மட்டும் வேகத்தோடு கூடிக் குறைந்தால் அது சக்கரம், பிரேக், அச்சு ஆகியவற்றின் ஓசை. இந்த ஒரு சோதனையே பாதி வேலையை முடித்துவிடும்.

வானொலியில் பேசிக்கொண்டே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: வாரத்தில் ஒரு நாளாவது, காரில் உள்ள வானொலியை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, சுவர் ஓரமாக மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் ஓசை தெளிவாகக் கேட்கும். ஓட்டுபவருக்குச் சாலைமீது கவனம். பக்கத்தில் உட்காரும் இல்லத்தரசிக்கோ, பின்னால் உட்காரும் பிள்ளைக்கோதான் பல வேளைகளில் புது ஓசை முதலில் கேட்கிறது. "என்னங்க, ஏதோ சத்தம் கேட்குதே" என்று அவர்கள் சொல்லும்போது, "உனக்கென்ன தெரியும்" என்று அடக்கிவிடாதீர்கள்.

எல்லா ஓசைக்கும் அஞ்ச வேண்டுமா? வேண்டாம். ஓடி வந்து நின்ற காரின் அடியில் 'டிக், டிக்' என்று கேட்பது, சூடான புகைக்குழாய் ஆறிச் சுருங்கும் ஓசை. ஏர்கோன் போட்டிருக்கும்போது அவ்வப்போது 'டக்' என்று கேட்பது, அதன் கம்பிரசர் சேர்ந்து விலகும் ஓசை. மழை பெய்த மறுநாள் காலையில் முதல் இரண்டு மூன்று முறை பிரேக் பிடிக்கும்போது 'கர்' என்று கேட்டு மறைந்தால், அது பிரேக் தட்டில் ஓரிரவில் படிந்த மெல்லிய துரு. டயர் சுற்றும்போது 'டிக் டிக்' என்றால் டயரின் பள்ளத்தில் சரளைக்கல் சிக்கியிருக்கலாம். குச்சியால் நெம்பி எடுத்துவிடலாம். ஆனால் அது கல்லாக இல்லாமல் ஆணியாக இருந்தால் வழியில் பிடுங்கக்கூடாது. பிடுங்கினால் காற்று வெளியேறிவிடும். டயர்க் கடை வரையில் மெதுவாகப் போய் அங்கே காட்டுங்கள்.

இனிக் கவனிக்க வேண்டிய ஓசைகளுக்கு வருவோம். எல்லாவற்றிலும் முதலிடம் பிரேக்குக்குத்தான். பல கார்களின் முன்சக்கரப் பிரேக் பேடில், பொறியியலாளர்கள் வேண்டுமென்றே ஒரு சிறிய இரும்புத் தகட்டைப் பொருத்தியிருக்கிறார்கள். பேட் தேய்ந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு வரும்போது, அந்தத் தகடு சுழலும் பிரேக் தட்டில் உரசிக் 'கீச்ச்ச்' என்று கத்தும். இது பழுதினால் வந்த ஓசையல்ல. பழுது வருமுன் கூப்பிடுவதற்காகவே வைக்கப்பட்ட காவல்காரன். அந்தக் கட்டத்தில் பட்டறைக்குப் போனால் பெரும்பாலும் பேட் மட்டும் மாற்றினால் போதும்.

அதைக் கேளாதவர்போல் இன்னும் சில வாரம் ஓட்டினால் கீச்சொலி போய்க் 'கர்ர், கர்ர்' என்று அரைக்கும் ஓசை வரும். பேடின் பொருள் முழுதும் தேய்ந்து, இரும்பும் இரும்பும் உரசுகின்றன என்று பொருள். இப்போது தட்டும் கீறிப் போகிறது; செலவு பலமடங்காகிறது. அதைவிடப் பெரிது, பிரேக் பிடித்தாலும் வண்டி நிற்க நீண்ட தூரம் ஆகும் என்பதுதான். செம்பனை லோரிகள் திரும்பும் தோட்டச் சந்திகளில் அந்தத் தூரம் உயிர் போகும் தூரம். அரைக்கும் ஓசை கேட்டால் அந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். பின்சக்கரங்களில் டிரம் பிரேக் இருக்கும் வண்டிகளில் அந்தக் காவல் தகடு பொதுவாக இராது. ஆகவே சர்வீஸ் செய்யும்போது டிரம்மைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது சக்கரம். வேகம் கூடக்கூட வண்டு ரீங்காரமிடுவதுபோல் 'ம்ம்ம்' என்று கூடும் ஓசை, சக்கரத்தின் பேரிங் தேய்ந்ததால் வரலாம். டயர் ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்தாலும் வரலாம். எப்படிப் பிரிப்பது? கரடான சாலையிலிருந்து வழுவழுப்பான சாலைக்கு வரும்போது ஓசையின் தன்மை மாறினால் அது டயர். சாலை மாறியும் ஓசை மாறாமல், வண்டி வளையும்போது மட்டும் கூடிக் குறைந்தால் அது பேரிங். வலப்பக்கம் வளையும்போது பாரம் இடப்பக்கச் சக்கரத்தின்மேல் சாய்கிறது. அப்போது ஓசை கூடினால் இடப்பக்கப் பேரிங்கைச் சந்தேகிக்கலாம்.

டயர் மாற்றிய சில நாட்களில் 'டக், டக்' என்று சக்கரச் சுற்றோடு சேர்ந்த ஓசையும், கைகளில் நடுக்கமும் தெரிந்தால் உடனே ஓரமாக நிறுத்துங்கள். சக்கரத்தின் நட்டு தளர்ந்திருக்கலாம். சக்கரமே கழன்று ஓடக்கூடிய ஆபத்து இது. வண்டியில் இருக்கும் திருகியால் எல்லா நட்டுகளையும் எதிரெதிராக இறுக்கிய பிறகே நகர வேண்டும். நட்டைத் தாங்கும் ஆணியோ, சக்கரத்தின் துளையோ தேய்ந்திருப்பதாகத் தெரிந்தால் நகரவே கூடாது. இழுவை வண்டியை அழையுங்கள்.

நம் மக்களுக்கு நெருக்கமான ஒரு பொருளைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். 1896-ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வாணிபத்துக்காக ரப்பர் நட்டதன் தொடக்கமாக அதைச் சொல்கிறார்கள். அதன் பிறகு நம் பாட்டனும் பாட்டியும் விடியுமுன் எழுந்து வெட்டிய பால் எங்கே போயிற்று? டயருக்குப் போயிற்று என்று எல்லாரும் சொல்வோம். ஆனால் காரைச் சத்தமில்லாமல் வைத்திருப்பதும் ரப்பர்தான் என்பது பலருக்குத் தெரியாது. எஞ்சின் நேராக இரும்புச் சட்டத்தில் உட்காருவதில்லை. 'மௌண்டிங்' என்னும் ரப்பர்க் கட்டைகளின்மேல் உட்காருகிறது. சக்கரத்தைத் தாங்கும் கைகளின் மூட்டுகளில் 'புஷ்' என்னும் ரப்பர் வளையங்கள் இருக்கின்றன. எலும்புக்கு நடுவே குருத்தெலும்பு இருப்பதுபோல், இரும்புக்கு நடுவே இந்த ரப்பர் இருந்து அதிர்வை விழுங்குகிறது.

ரப்பருக்கு எண்ணெயும் வெப்பமும் ஆகாது என்பது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எஞ்சின் எண்ணெய் கசிந்து மௌண்டிங் மேல் சொட்டினால் ரப்பர் ஊறி இளகும். வெயிலிலும் சூட்டிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் காய்ந்து வெடிக்கும். அப்போது கியர் போடும்போது 'டங்' என்று ஓர் அடி கேட்கும். வண்டி நிற்கையில் உடம்பே நடுங்கும். குழியில் இறங்கும்போது 'லொடக்' என்றால் புஷ்ஷோ, அப்சோர்பரோ, பால்ஜாயிண்ட் என்னும் உருண்டை மூட்டோ தேய்ந்திருக்கும். காரின் முனையைக் கையால் அழுத்தி விட்டுப் பாருங்கள். ஒருமுறை எழும்பி நின்றால் நல்லது. ஊஞ்சல்போல் ஆடிக்கொண்டே இருந்தால் அப்சோர்பர் போயிற்று. உருண்டை மூட்டு மட்டும் கழன்றுவிட்டால் சக்கரம் சாய்ந்து விழும். ஆகவே 'லொடக்' என்னும் ஓசையை மாதக்கணக்கில் வைத்திருக்கக் கூடாது.

இன்னொரு ரப்பர் உறுப்பையும் சொல்கிறேன். சாகா, கன்சில் போன்ற கார்களில் முன்சக்கரங்களே வண்டியை இழுக்கின்றன. அச்சின் முனையில் ஒரு மூட்டு, அதற்கு ஓர் உறைபோல் மடிப்பு மடிப்பான ரப்பர்ப் பை, பைக்குள் கிரீஸ். தோட்டத்துச் செம்மண் சாலையில் கல்லோ குச்சியோ பட்டுப் பை கிழிந்தால், கிரீஸ் வெளியே தெறிக்கும், மண்ணும் நீரும் உள்ளே போகும். சில காலத்தில், வண்டியை முழுதும் திருப்பும்போது 'கடக், கடக், கடக்' என்று கேட்கும். ஓசை கேட்கும் நேரத்தில் மூட்டே தேய்ந்துவிட்டது. அதற்கு முன்பே குனிந்து பார்த்து, சக்கரத்தின் உட்புறத்தில் கிரீஸ் தெறித்திருப்பதைக் கண்டால், பையை மட்டும் மாற்றினால் போதும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அதுபோல் இங்கே பொருளின் விலையைவிடக் கழற்றிப் பூட்டும் கூலி அதிகமாக இருக்கலாம். ஆனாலும் முழு அச்சையும் மாற்றும் செலவோடு பார்த்தால் அது சிறியதே.

இனி எஞ்சின். காலையில் சாவியைத் திருப்பும்போது 'டக்டக்டக்டக்' என்று வேகமாகக் கேட்டு எஞ்சின் கிளம்பாவிட்டால் பேட்டரி இளைத்திருக்கிறது, அல்லது அதன் முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறது. ஒரே ஒரு 'டக்' மட்டும் என்றால் ஸ்டார்ட்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். கிளம்பியதும் 'கீய்ய்ங்' என்று கத்தி, ஏர்கோன் போட்டால் இன்னும் கத்தினால், எஞ்சினின் முன்னால் ஓடும் பெல்ட் தளர்ந்தோ வெடித்தோ இருக்கிறது. அந்தப் பெல்ட் அறுந்தால் பேட்டரிக்கு மின்சாரம் ஏறாது. பல வண்டிகளில் தண்ணீர்ப் பம்பும் நின்று எஞ்சின் கொதித்துவிடும்.

எஞ்சினின் மேற்பகுதியில் தையல் இயந்திரம் ஓடுவதுபோல் 'டிக்டிக்டிக்' என்றால், முதலில் எஞ்சின் எண்ணெயைப் பாருங்கள். நம்மவர்கள் 'மின்யாக் ஈத்தாம்' என்று சொல்வதும் இதைத்தான். சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சற்று நேரம் கழித்து அளவுகோலை இழுத்துத் துடைத்து, மீண்டும் செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் ஊற்றினாலே ஓசை அடங்கலாம். ஆனால் எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து உரலில் உலக்கை விழுவதுபோல் 'டொம் டொம்' என்று கனத்த ஓசை வந்தால், அல்லது முன்பலகையில் எண்ணெய்க் குடத்தின் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தால், அந்த இடத்திலேயே நிறுத்தி அணையுங்கள். வீடு இன்னும் இரண்டு மைல்தானே என்று ஓட்டினால் அந்த இரண்டு மைலில் எஞ்சினே போய்விடும். இழுவை வண்டிக்குக் கொடுக்கும் பணம் இங்கே வீண்செலவு அல்ல.

முன்னால் 'புஸ்ஸ்' என்று ஆவி சீறினால் அணைத்துவிட்டு விலகி நில்லுங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கிறது. மூடியைத் திறந்த கணமே அழுத்தம் விலகி, கொதிநீர் முகத்தில் பாயும். நன்றாக ஆறிய பிறகே தொட வேண்டும்.

புகைக்குழாய் ஓசைக்கு வருவோம். 'டபடப' என்று வண்டி திடீரென்று உறுமத் தொடங்கினால், இளைஞர்கள் சிலருக்கு அது பெருமையாகத் தோன்றும். உண்மையில் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கிறது. அந்த ஓட்டையிலிருந்து வரும் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்தின் சிவப்பணுக்கள் பிராணவாயுவைப் பிடிப்பதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலுவோடு இந்த நஞ்சைப் பிடித்துக்கொள்கின்றன. தலைவலி, மயக்கம், குமட்டல், பிறகு தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து எழாமலே போகக்கூடும்.

மாசிமகத்துக்குச் செங் சன்னாசிமலைக்குப் போய், கூட்டத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, பிள்ளைகள் தூங்கட்டும் என்று கண்ணாடிகளை மூடி, எஞ்சினையும் ஏர்கோனையும் ஓடவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. நேயர்களே, இதை மட்டும் செய்யாதீர்கள். புகைக்குழாய் உறுமும் வண்டியில் இது எமனை மடியில் வைத்துத் தாலாட்டுவது போன்றது. ஓய்வு எடுப்பதானால் எஞ்சினை அணைத்து, கதவையும் கண்ணாடியையும் திறந்துவிடுங்கள். யாருக்காவது தலை சுற்றினால் உடனே வெளிக்காற்றுக்குத் தூக்கி வந்து 999-ஐ அழையுங்கள்.

பட்டறைக்குப் போனதும் எப்படிச் சொல்ல வேண்டும் என்பதும் முக்கியம். மருத்துவரிடம் 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார்? 'வண்டியில் சத்தம், பார்த்துச் செய்யுங்கள்' என்று மட்டும் சொல்வதும் அப்படித்தான். தேவையில்லாத உறுப்புகள் மாற்றப்படுவது பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. நான்கு கேள்விகளுக்கு விடையை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எந்தப் பக்கம் கேட்கிறது? எப்போது கேட்கிறது, காலையிலா, சூடான பிறகா, வளையும்போதா, பிரேக் பிடிக்கும்போதா? எப்படிக் கேட்கிறது, கீச்சென்றா, டொக்கென்றா, ரீங்காரமா? ஓசையோடு வேறு என்ன தெரிகிறது. நடுக்கமா, நாற்றமா, விளக்கா, கசிவா? முடிந்தால் மெக்கானிக்கை ஏற்றிக்கொண்டு ஓட்டிக் காட்டுங்கள். கைப்பேசி வைத்திருக்கும் பிள்ளை ஓசையைப் பதிவு செய்தும் கொடுக்கலாம். மாற்றிய பழைய உறுப்பைக் காட்டும்படி பணிவோடு கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எஞ்சின் ஓடும்போது மூடியைத் திறந்து காதைக் கொண்டுபோகிறவர்கள் துப்பட்டா, முந்தானை, கழுத்துச் சங்கிலி, தொங்கும் தலைமுடி ஆகியவற்றை இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். ஓடும் பெல்ட்டும் காற்றாடியும் கண்மூடித் திறப்பதற்குள் இழுத்துவிடும்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். சத்தமே போடாமல் கெடும் உறுப்புகளும் உண்டு. சில எஞ்சின்களில் உள்ள டைமிங் பெல்ட் பெரும்பாலும் சொல்லாமலே அறும். பழைய டயரும், நாள்பட்ட பிரேக் எண்ணெயும் வாய் திறப்பதில்லை. அவற்றை வண்டியின் கையேடு சொல்லும் கிலோமீட்டர்க் கணக்கிலும் கால அளவிலும் மாற்ற வேண்டும். பழைய கார் வாங்குகிறவர்கள் டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்று கேளுங்கள். சரியான விடை கிடைக்காவிட்டால் மாற்றிவிடுவதே நல்லது.

சொன்னவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன். உடனே நிறுத்த வேண்டியவை: எஞ்சின் அடியில் கனத்த இடி, சிவப்பு எண்ணெய் விளக்கு, ஆவிச் சீறல், பிரேக் அரைக்கும் ஓசை, சக்கரம் ஆடும் 'டக் டக்'. இரண்டொரு நாளில், மெதுவாக ஓட்டிப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டியவை: பிரேக் கீச்சொலி, பெல்ட் கத்தல், சக்கர ரீங்காரம், திரும்பும்போது 'கடக் கடக்', குழியில் 'லொடக்'. புகைக்குழாய் உறுமல் கேட்டால் கண்ணாடிகளைத் திறந்தபடியே பட்டறைக்குப் போங்கள். நெடுஞ்சாலையில், ஆயர் குரோவுக்கும் சிம்பாங் அம்பாட்டுக்கும் நடுவே நின்றுவிட்டால், அபாய விளக்கைப் போட்டு, எல்லாரும் இடப்பக்கமாக இறங்கி, இரும்புத் தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள். வண்டிக்குள் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

பேசத் தெரியாத குழந்தை அழும்போது, இது பசி அழுகை, இது வயிற்றுவலி அழுகை என்று தாய் பிரித்து அறிகிறாள். தினமும் கேட்டுக் கேட்டு வந்த அறிவு அது. உங்கள் வண்டி நலமாக இருக்கும்போது அது எப்படி ஒலிக்கிறது என்பதை நாளை காலை ஐந்து நிமிடம் கேட்டு வையுங்கள். நல்ல ஓசை மனத்தில் பதிந்தவருக்குக் கெட்ட ஓசை தானாகவே தெரியும்.